வெள்ளிக் காசு: சேமிப்பா, சேகரிப்பா?

தகரப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் கும்பகோணத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, அப்பாவின் அலமாரியில் துணியில் சுற்றிய ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அதற்குள் எழுபத்தொரு ரூபாய்க் காசுகள் இருந்தன. என் அறிவுக்கு எட்டிய வரை பிரித்துப் பார்த்ததில் 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாய் மூன்று, அதற்குப் பிந்திய விக்டோரியா எட்டு, கிரீடம் இல்லாத ராஜா (எங்கள் பாட்டி இதை மொட்டை ராஜா காசு என்பார்) ஒன்பது, ஐந்தாம் ஜார்ஜ் முப்பத்து நான்கு, ஆறாம் ஜார்ஜ் பதினொன்று, பின்புறம் புலி நடக்கும் 1947 ரூபாய் ஆறு என்று கணக்கு வருகிறது.

இதே நேரத்தில் மாதம் ஐயாயிரம் ரூபாய் வீதம் வெள்ளியில் போட்டு வைக்கலாம் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. எல்லாவற்றையும் எடை போட்டு உருக்கக் கொடுத்துவிட்டுச் சுத்த வெள்ளிக் கட்டியாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் மைத்துனர். நகைக்கடையில் மாதம் ஒரு லட்சுமி காசு வாங்கினால் பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும் என்பது மனைவியின் யோசனை. நானோ இந்த ஒரு மாதமாகத் தினமும் இரவில் டப்பாவைத் திறந்து காசுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்கப் பார்க்க விற்க மனம் வரவில்லை. முதலீடு என்ற முறையில் எது சரி, சேகரிப்பு என்ற முறையில் எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழங்காசு எழுதியது:

முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் காசையும் புளி, திருநீறு, பற்பசை, பாத்திரம் துலக்கும் பொடி எதைக்கொண்டும் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கை மினுக்கும் அதே பழக்கத்தில் காசையும் மினுக்கிவிடுகிறார்கள். நூறு ஆண்டாக மேலே படிந்த கருமை சேகரிப்பவர் கண்ணுக்கு அழுக்காகப் படுவதில்லை, அது அந்தக் காசை யாரும் தொட்டுக் கெடுக்கவில்லை என்பதற்கான சாட்சி. அதைத் தேய்த்து எடுத்தால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் விழும், அவை திரும்பப் போகா.

இனி உங்கள் டப்பாவுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1835-இல் ரூபாயை ஒரே அளவாக்கியபோது எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா என்று வைத்தது. இன்றைய கணக்கில் அது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. உங்களிடம் உள்ள விக்டோரியா, எட்வர்ட் (உங்கள் பாட்டியின் மொட்டை ராஜா), ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் எல்லாம் இந்த அளவைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1940-இல் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். எனவே 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதே எடையில் இருந்தாலும் அதில் 5.83 கிராம் வெள்ளிதான் உண்டு, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது முழுவதும் நிக்கல், காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் மைத்துனர் சொன்னபடி எழுபத்தொன்றையும் மொத்தமாகத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 828 கிராம் காட்டும். அதில் உள்ள வெள்ளியோ சுமார் 640 கிராம்தான். இந்த வேறுபாடு தெரியாமல் கடைக்குப் போனால் ஒன்று நீங்கள் ஏமாறுவீர்கள், அல்லது கடைக்காரர் உங்களை ஏமாற்றுவதாக வீணாகச் சண்டை பிடிப்பீர்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் முப்பத்து நான்கில் எத்தனை 1918, 1919 என்று எண்ணிச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1911 ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

---

எட்டு அணா எழுதியது:

பெரியவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் கேள்வி கேட்டவர் முதலீட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார். முதலீடு என்றால் பழைய காசு, ஆண்டு, கருமை என்ற பேச்சுக்கே இடமில்லை. 999 தர (ஆயிரத்தில் 999 பங்கு சுத்தமான) வெள்ளிக் கட்டியோ காசோ வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சூரிய ஒளித் தகடு, மின்னணுப் பொருள், மின்சார வாகனம் என்று வெள்ளியின் தேவை கூடியிருக்கிறது. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 50 டாலரைத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். மனைவி சொன்னபடி மாதம் ஒரு காசு வாங்குவதில் தவறு எதுவும் இல்லை.

---

வரவு செலவு எழுதியது:

எட்டு அணா தம்பிக்கு: அந்த 50 டாலர் புதிய செய்தி இல்லை. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியைக் குவித்துக்கொண்டிருந்த நேரத்தில், விலை கிட்டத்தட்ட அதே 50 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி 11 டாலருக்கும் கீழே விழுந்தது. பிறகு 2011 ஏப்ரலில் மறுபடியும் 50-ஐ நெருங்கிவிட்டுத் திரும்பியது. 1980-இல் உச்சத்தில் வாங்கியவர் தாம் கொடுத்த டாலர் விலையை மீண்டும் காண நாற்பத்தைந்து ஆண்டு காத்திருந்தார், இடையில் டாலரின் மதிப்பு தேய்ந்தது தனிக்கணக்கு. இந்தியாவில் ரூபாய் சரிந்துகொண்டே வந்ததால் நமக்கு இவ்வளவு வலிக்கவில்லை. வெள்ளி ஏறாது என்று நான் சொல்லவில்லை. தங்கத்தைப் போல நிதானமாக ஏறும் பொருள் இது என்று நினைத்துப் பெண்ணின் கல்யாணத் தேதியை இதன் மேல் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து, நகைக்கடைக் காசு. கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம் காசில் வெள்ளி 1,000 ரூபாய். செய்கூலியும் உறையும் சேர்த்து எட்டு சதவீதம் என்றால் 1,080. அதன்மேல் ஜி.எஸ்.டி. மூன்று சதவீதம் சேர்ந்தால் 1,112 ரூபாய் 40 காசு. மறுநாளே அதைத் திரும்ப விற்கப் போனால் செய்கூலியும் வரியும் போய்விடும், வெள்ளி விலையிலும் இரண்டு மூன்று சதவீதம் பிடிப்பார்கள், கையில் வருவது சுமார் 970. அதாவது வெள்ளி விலை கிட்டத்தட்ட பதினைந்து சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட பணத்தைத் திரும்பப் பார்ப்பீர்கள். சிறிய காசாக வாங்க வாங்க இந்த இடைவெளி பெரிதாகும், ஏனென்றால் ஐந்து கிராம் காசுக்கும் ஐம்பது கிராம் காசுக்கும் அச்சடிக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லட்சுமி, விநாயகர் உருவம் போட்ட இவற்றை நாம் காசு என்று அழைத்தாலும் இவை நாணயங்கள் ஆகா. நாணயம் வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு, எனவே இவை வட்டமான வெள்ளித் துண்டுகள்தான். சேகரிப்பவர் எவரும் இவற்றைத் தேடி வரப்போவதில்லை, எனவே முதலீடாகவும் அரைகுறை, சேகரிப்பாகவும் அரைகுறை. அமெரிக்காவில் 1986 முதல் வெள்ளிக் கழுகு, கனடாவில் 1988 முதல் மேப்பிள் இலை என்று அரசே ஓர் அவுன்ஸ் வெள்ளி நாணயம் அடித்து உலோக விலைக்குச் சற்று மேலே புழங்கவிடுகிறது. நம் அரசு 2015-இல் தங்கக் காசு ஒன்றை வெளியிட்டது, வெள்ளியில் அதற்கு இணையானது இல்லை.

மாதம் ஐயாயிரம் வெள்ளியில்தான் போட வேண்டும் என்றால், பங்குச்சந்தையில் வாங்கும் வெள்ளி ஈ.டி.எஃப். இருக்கிறது, அதாவது வெள்ளியின் விலையோடு ஏறி இறங்கும் நிதி. 2021-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதித்தது, 2022 தொடக்கத்திலிருந்து நடப்பில் உள்ளது. உங்கள் பணத்துக்கு ஈடாக அந்த நிதியை நடத்துபவர்கள் 99.9 தர, 30 கிலோ கட்டிகளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. செய்கூலி இல்லை, பூட்டும் பெட்டகமும் வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்க முடியாது என்பது ஒன்றே குறை, முதலீட்டாளருக்கு அது குறையாகவே தோன்றக் கூடாது.

---

சேலத்துப் பட்டறை எழுதியது:

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஆகவே உருக்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய ராணி ரூபாய் வந்தால் எங்களுக்கு அது 91 டச் (நூற்றில் 91 பங்கு சுத்தம்) வெள்ளி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ராணியின் முகம் எங்கள் மூசையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால்தான் சொல்கிறேன், சேகரிப்பவர் ஒருவர் பார்த்துத் தள்ளிய பிறகு எங்களிடம் கொண்டுவாருங்கள், எங்களிடம் காட்டிய பிறகு அவரிடம் போக முடியாது.

பாதி வெள்ளி ரூபாயை எங்கள் ஊரில் பலர் வாங்கவே தயங்குவார்கள். செம்பு மட்டும் கலந்திருந்தால் பிரிப்பது எளிது. நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தால் சுத்தம் செய்யும் செலவு கூடுகிறது என்று கழிவை அதிகமாகப் பிடிப்பார்கள். ஆகவே அந்தப் பதினொன்றுக்கும் கணக்குப்படி வர வேண்டிய வெள்ளி விலை முழுதாகக் கைக்கு வராது.

காசில் வளையம் பற்றவைத்த அடையாளம் இருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். ஒரு காலத்தில் ரூபாய்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு வளையத்தைப் பிடுங்கி அரத்தால் தேய்த்து மறைத்திருப்பார்கள். பற்றுப்பொடி ஒட்டிய இடத்தில் டச் குறையும், சேகரிப்பவரும் அதை ஒதுக்கிவிடுவார். வாங்குவதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும், எக்ஸ்ரே கதிர் பாய்ச்சித் தரம் காட்டும் இயந்திரம் உள்ள கடையில் உங்கள் கண் முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள், தேய்த்த கோடு காசில் நிரந்தரமாக நிற்கும்.

---

தகரப்பெட்டி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பழங்காசு ஐயா, உங்கள் ஊகம் சரிதான், 1918-உம் 1919-உம் சேர்ந்து இருபத்தொன்று உள்ளன. 1911 ஒன்று இருக்கிறது. வருத்தத்துடன் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் வேண்டுகோளைப் படிப்பதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா பத்துக் காசுகளைத் திருநீறு போட்டுப் பளிச்சென்று துலக்கி, பூஜை அறையில் வரிசையாக வைத்துவிட்டார்கள். 1862 மூன்றில் ஒன்றும் அதில் அடக்கம். 1918 ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதையும் விளக்க முடியுமா?

---

பழங்காசு எழுதியது:

அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள். என் முதல் நூறு காசுகளை நானே எலுமிச்சம் பழத்தால் தேய்த்தவன்.

1918 ஏன் அதிகம் என்பது நல்ல கேள்வி, சேகரிப்பின் சுவையே இத்தகைய கேள்விகளில்தான் இருக்கிறது. 1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயம் அடிக்கும் அக்கசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம், ஆகவே ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கின. அந்த ஆண்டு அக்கசாலைக் கதவைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, வெள்ளியின் விலைக்கு மேலே ரூபாய்க்கு ஒரு மதிப்பை அரசு நிலைநிறுத்தியது. முதல் உலகப்போரில் இது தலைகீழானது. வெள்ளி விலை ஏறி, காசின் உலோகமே காசை விடப் பெறுமதியானதும் மக்கள் ரூபாயைப் பதுக்கவும் உருக்கவும் தொடங்கினார்கள். 1917 நவம்பர் இறுதியில் ஒரு ரூபாய்த் தாள் வந்தது அந்த நெருக்கடியால்தான். தாளை நம்பாமல் வெள்ளி கேட்டு வரிசையில் நின்ற மக்களைச் சமாளிக்க, 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றித் தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கிப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து ஐந்தாம் ஜார்ஜ் முகத்தோடு வெளியேறியது. 1918 என்று ஆண்டு போட்ட ரூபாய் மட்டும் இரண்டு அக்கசாலைகளிலும் சேர்த்து நாற்பது கோடிக்கும் மேல். கும்பகோணத்தில் உங்கள் அப்பா வைத்திருந்த காசு அதற்கு முன் அமெரிக்க டாலராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்தக் கதை தெரிந்துவிட்டால் விலையும் தெரிந்துவிடும். நாற்பது கோடி அடித்த காசு எவ்வளவு பழையதாக இருந்தாலும் உலோக விலையை ஒட்டியே நிற்கும். பழமை வேறு, அருமை வேறு. கரூர்ப் பக்கம் அகப்படும் ரோமானிய வெள்ளிக் காசுக்கு இரண்டாயிரம் வயது, ஆனாலும் அதில் சாதாரணமானவை உண்டு. 1939-ஆம் ஆண்டு ரூபாய்க்குத் தொண்ணூறு வயதுகூட ஆகவில்லை, ஆனால் பழைய தர வெள்ளியில் கடைசியாக, பம்பாயில் மட்டும் குறைவாக அடிக்கப்பட்டதால் அதைத் தேடாத சேகரிப்பாளரே இல்லை. அதனாலேயே 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கி விற்கும் வேலையும் உண்டு.

உங்கள் 1911-ஐப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரசரின் மேலங்கியில் ஒரு பதக்கச் சங்கிலி, அதில் ஒரு யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளிவந்தவற்றை நிறுத்தி, மீதமிருந்தவற்றை உருக்கி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். பன்றி ரூபாய் என்று பெயர் வைத்து இன்றும் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். பெரும் செல்வம் ஒன்றும் வந்துவிடாது, ஆனால் உருக்கும் விலைக்குக் கொடுக்கக் கூடாத காசு.

1862 இன்னும் சுவையானது. அந்த ஆண்டைப் போட்டுக்கொண்டே 1874 வரை அடித்தார்கள். உண்மையில் எந்த ஆண்டுக் காசு என்பதைப் பம்பாய் அக்கசாலை சிறு சிறு புள்ளிகளால் குறித்தது. அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் அரசியின் உருவ வேறுபாட்டையும் வைத்து வகை பிரிப்பதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு இது பைத்தியமாகத் தெரியும். எனக்கும் மாதக் கடைசியில் அப்படித் தெரியும்.

---

எட்டு அணா எழுதியது:

ஐயா சொல்வதைப் படித்தால் எனக்கு நேர்மாறான முடிவுதான் தோன்றுகிறது. அரிய காசு வெள்ளி விலையைப் பற்றிக் கவலைப்படாமல் ஏறுகிறது என்றால், சேகரிப்பே நல்ல முதலீடு ஆகிவிடுகிறதே. என் நண்பரின் பெரியப்பா எழுபதுகளில் பழைய பொருள் வியாபாரியிடம் எடைக்கு வாங்கிய சில காசுகளைச் சமீபத்தில் ஏலத்தில் விட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் அளவுக்குப் பணம் பெற்றார். எந்த ஈ.டி.எஃப். அப்படித் தரும்?

---

வரவு செலவு எழுதியது:

பெரியப்பா விற்ற காசுகளைப் பற்றிச் சொன்னீர்கள், விற்காமல் வீட்டில் கிடப்பவை எத்தனை என்று கேட்டுச் சொல்லுங்கள். ஏலத்தில் நல்ல விலை போன செய்தி எல்லோர் காதுக்கும் வரும், கேட்பாரில்லாமல் திரும்பி வந்த காசின் செய்தி வராது. அவர் ஐம்பது ஆண்டாகப் படித்த படிப்பு, அலைந்த அலைச்சல், புத்தகங்கள், ஏமாந்த போலிகள் ஆகியவற்றையும் அடக்கவிலையில் சேர்க்க வேண்டும். ஏல நிறுவனம் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கழிவு எடுக்கும். வெள்ளிக் கட்டியை இன்று மாலையே விற்கலாம், ஓர் அரிய காசுக்கு ஏற்ற ஆள் வர ஆறு மாதம் ஆகலாம். அவசரத்துக்கு விற்றால் வியாபாரி பட்டியல் விலையில் பாதி கொடுத்தாலே நல்ல மனிதர்.

---

பழங்காசு எழுதியது:

வரவு செலவு அம்மணி சொல்வதை ஒரு சேகரிப்பாளனாக நான் முழுதும் ஒப்புக்கொள்கிறேன். இலாபம் வந்த சேகரிப்பாளர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்களில் இலாபத்துக்காகத் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லை. சங்ககாலக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவழுதி என்று தமிழி என்ற பழைய எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளியிடும் வரை, அப்படிப்பட்ட சிறிய செப்புத் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரூர் ஆற்று மணலில் கிடைத்த, சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசும் அப்படித்தான். அதைப் படிக்கத் தெரிந்த கண் வந்த பிறகுதான் அதற்கு விலை வந்தது. அந்தக் கண்ணுக்கு எந்தச் சந்தையிலும் கூலி இல்லை.

---

வடமராட்சி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. இலங்கையிலும் 1872-இல் ரூபாய்க்கு நூறு சதம் என்ற பதின்மக் கணக்குக்கு மாறியபோது இந்திய ரூபாயையே அளவாக வைத்துக்கொண்டதால், எங்கள் அம்மம்மாவின் பெட்டியிலும் இதே ராணி ரூபாய்தான் இருந்தது. இலங்கைக்கென்று அடித்த வெள்ளி ஐம்பது சதம் 1892-இல் எண்பது சதவீத வெள்ளியில் தொடங்கியது, 1919 முதல் ஐம்பத்தைந்தாகக் குறைந்தது. 1957-இல் புத்த ஜயந்திக்காக வந்த ஐந்து ரூபாய் 28.28 கிராம், 92.5 தரம். இடப்பெயர்வின்போது இப்படிப்பட்ட காசுகளைப் பலர் நிலத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் திரும்பி வந்து தோண்டியபோது உருக்கும் விலைக்கு மேல் பெறாத அளவுக்கு அவை அரித்திருந்தன, ஆனாலும் அம்மா ஒன்றைக்கூட விற்கவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

---

சேலத்துப் பட்டறை எழுதியது:

அதை விற்காதீர்கள் அண்ணா.

---

வரவு செலவு எழுதியது:

சட்டம் பற்றி யாரும் பேசாததால் நானே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள் ஆகும். வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை, ஆனால் தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் 1918, 1919 காசுகளும் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வரியைப் பொறுத்தவரை, வெள்ளியை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீதம். பரம்பரையாக வந்தது என்றால் அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். அவர் கைக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பே வந்திருந்தால் அந்த ஏப்ரல் 1-ஆம் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். காசுகளைப் படம் எடுத்து, ஆண்டும் எடையும் குறித்து, இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னும் ஒன்று. பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். அப்படி எந்த வேலையிலும் தாம் ஈடுபடுவதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

---

எட்டு அணா எழுதியது:

அப்படியானால் அரசு அக்கசாலை விற்கும் நினைவு நாணயங்கள் எப்படி? அவை உண்மையான நாணயம், வெள்ளியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இலாபம் தரும் வழி அதுவாகத் தோன்றுகிறது.

---

பழங்காசு எழுதியது:

நான் விழுந்த பள்ளம் அது, ஆகவே தம்பிக்குச் சொல்கிறேன். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் 15 கிராம், எண்பது சதவீத வெள்ளி. அதை அன்று பத்து ரூபாய்க்கே வாங்கி வைத்தவர்கள் வெள்ளியாலேயே பிழைத்துக்கொண்டார்கள். 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், அதுவும் எண்பது சதவீதம். தஞ்சாவூர்க்காரனாகிய நான் அதை வாங்காமல் இருக்க முடியுமா? ஆனால் அதன்பின் வந்த 35 கிராம் நாணயங்கள் பலவற்றில் வெள்ளி பாதிதான், 1940-ஆம் ஆண்டு ரூபாயின் அதே கலவை. உள்ளே இருக்கும் பதினேழரை கிராம் வெள்ளியின் அன்றைய விலையைப் போல் பல மடங்கு கொடுத்து வாங்கினோம். ஆண்டுக்குப் பல வருகின்றன. வந்த புதிதில் கிடைக்காதவர்கள் போட்டி போட்டு ஏற்றுவார்கள், பிறகு அடுத்தது வந்ததும் முந்தையதை மறந்துவிடுவார்கள். என் அலமாரியில் அழகான பெட்டிகள் இருபது உள்ளன. அவற்றைப் பார்த்தால் மகிழ்ச்சி, கணக்குப் பார்த்தால் வேறு.

பாதுகாப்பு பற்றி மறந்துவிட்டேன். பிவிசி உறையில் போடாதீர்கள், சில ஆண்டில் பச்சையாகக் கசியும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். விளிம்பைப் பிடித்துத்தான் காசை எடுக்க வேண்டும்.

---

தகரப்பெட்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு நாள் சென்னைக்குப் போயிருந்தேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுகளைப் பார்த்தேன். பிறகு தங்கசாலைத் தெரு வழியாக நடந்தபோதுதான், இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்பதே என் மண்டைக்கு ஏறியது. அங்கே ஓர் அக்கசாலை இருந்து 1869-இல் மூடப்பட்டது என்று இத்தனை ஆண்டு சென்னைக்குப் போய்வந்தும் எனக்குத் தெரியாது. சௌகார்பேட்டையில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் எடுத்த எடுப்பில் 1911-ஐயும் துலக்காத 1862 இரண்டையும் மட்டும் தனியாக நகர்த்தி, மற்றவற்றை எடைக்குக் கேட்டார். நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் அந்த மூன்றையும் சேர்த்தே எடைக்குக் கொடுத்திருப்பேன்.

என் முடிவு இது. 1918, 1919 இருபத்தொன்றில் கல்கத்தாவுக்கு ஒன்று, தாமரைப் பூவின் கீழே புள்ளி உள்ள பம்பாய்க்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டாக நான்கை வைத்துக்கொண்டு பதினேழை, தரம் காட்டும் இயந்திரத்தில் என் கண் முன்னே வைத்துப் பார்த்த கடையில் கொடுத்துவிட்டேன். அந்தப் பணமும் மாதத்தில் நாலாயிரமும் ஈ.டி.எஃப்.-இல் போகும். மீதி ஆயிரம் என் விருப்பத்துக்கு, அதற்கு இலாபக் கணக்கு கேட்பதில்லை என்று மனைவியிடம் எழுதாத ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. முதல் ஆயிரத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் காசுகளுக்கு நல்ல உறைகளும் வாங்கினேன். ஆறாம் ஜார்ஜ் பதினொன்றையும் விற்கவில்லை, கழிவு போக அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும் அவை டப்பாவிலேயே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. புலி ஆறையும் பெண் எடுத்துக்கொண்டாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தில் அவற்றைத் தொங்கவிட்டு விளையாடுகிறாள். அம்மா துலக்கிய பத்தும் பூஜை அறையிலேயே இருக்கின்றன.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. துலக்காத 1862 இரண்டில் ஒன்றில் ஆண்டின் கீழே ஏதோ ஒரு சின்னப் புள்ளி போலத் தெரிகிறது. அது புள்ளியா, இடித்த வடுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பழங்காசு எழுதியது:

விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, காசை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அச்சில் விழுந்த புள்ளி மேடாக இருக்கும், அதன் நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் வெளியே விழும். இடித்த வடு பள்ளமாக இருக்கும், நிழல் அதற்குள்ளேயே, விளக்கை ஒட்டிய பக்கத்தில் நிற்கும். மேடாக இருந்தால் அப்படியே நிறுத்தி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். ஒன்றா, இரண்டா என்பதை எண்ணிவிட்டு மற்றதைப் பேசலாம்.